ஜிக்சா வாங்கப் போகிறீர்களா? மெஷினை விடுங்கள், பிளேடைப் பாருங்கள்

சமையற்கட்டுச் சுவரில் இரண்டு பலகை அடிக்க வேண்டும், அதற்கு வளைவு வைத்த தாங்கி நாலு வேண்டும். என் கதை இவ்வளவில்தான் ஆரம்பித்தது. காரைக்குடியில் எனக்குத் தெரிந்த ஆசாரிகள் எல்லாரும் அப்போது ஏதோ ஒரு பெரிய வீட்டுப் பழுதுபார்ப்பில் மாட்டிக்கொண்டிருந்தார்கள், நாலு தாங்கிக்கு யார் வருவார்? சரி, நாமே அறுத்துவிடலாம் என்று ஜிக்சா வாங்கினேன், அதாவது மெல்லிய பிளேடு மேலும் கீழும் ஓடி அறுக்கும் மின்சாரக் கை ரம்பம். மூன்று பிளேடு உடைந்து, அப்பத்தாவின் முக்காலி ஒன்று வெட்டுப்பட்டு, இரண்டு தடவை மதுரை போய்வந்து, ஒன்றரை மாதம் கழித்துத்தான் அந்தத் தாங்கிகள் சுவருக்கு ஏறின. நீங்கள் இரண்டு ஞாயிற்றுக்கிழமையில் முடிக்கலாம். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

1. முதலில், இது உங்களுக்குத் தேவையா?

ஜிக்சா வளைவு அறுக்கவும், பலகையின் நடுவில் ஓட்டை வெட்டி எடுக்கவும் ஏற்ற மெஷின். சிங்க் வைக்க, சுவிட்சுப் பெட்டி பதிக்க, தாங்கி அறுக்க, ஊஞ்சல் பலகையின் மூலையை உருட்ட, பிள்ளைகளுக்கு மரப்பொம்மை வெட்ட என்றால் தாராளமாக வாங்கலாம். எட்டடி ப்ளைவுட்டை நீளவாக்கில் நேராகக் கிழிக்க வேண்டும் என்றால் இது வேண்டாம். அதற்கு வட்ட ரம்பம் இருக்கிறது, அல்லது ப்ளைவுட் வாங்கும் கடையிலேயே அளவு கொடுத்தால் பல இடங்களில் வெட்டிக் கொடுத்துவிடுவார்கள். ஜிக்சாவால் நேராக அறுக்கவே முடியாது என்றில்லை, ஆனால் பிளேடு மெலிசு, ஒரு முனைதான் பிடியில் இருக்கிறது, மறுமுனை அந்தரத்தில் தொங்குகிறது. மரம் கனமாக ஆக அந்தக் கீழ்முனை தன் இஷ்டத்துக்குப் போகும். மெஷின் பெட்டியில் 65 மில்லிமீட்டர் வரை அறுக்கும் என்று போட்டிருக்கும், அறுக்கும்தான், மேலே நேராகவும் கீழே கோணலாகவும். என் கணக்கில் 25 மில்லிமீட்டர், அதாவது ஒரு அங்குலம் வரை நிம்மதி. அதற்கு மேல் பொறுமை.

2. மெஷினில் எதைப் பார்க்க வேண்டும்

வாட் கணக்கைக் காட்டித்தான் விற்பார்கள். வீட்டு வேலைக்கு 450 முதல் 650 வாட் போதும். அதைவிட முக்கியமாக நாலு விஷயம்:

வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் சக்கரம் இருக்க வேண்டும். தகரமோ அக்ரிலிக்கோ வெட்டும்போது வேகத்தைக் குறைக்கவில்லை என்றால் அக்ரிலிக் உருகி பிளேடுக்குப் பின்னாலேயே மறுபடி ஒட்டிக்கொள்ளும்.

பெண்டுலம் லீவர் இருக்க வேண்டும். பக்கவாட்டில் 0, 1, 2, 3 என்று போட்டிருக்கும். 0 என்றால் பிளேடு மேலும் கீழும் மட்டும் போகும், எண் ஏற ஏற முன்னும் பின்னும் ஆடிக்கொண்டே போகும், வேகமாக அறுக்கும், வெட்டு சொரசொரப்பாக இருக்கும். மலிவு மெஷின்கள் சிலவற்றில் இந்த லீவரே கிடையாது, பெட்டியில் இருக்கும் படத்தைப் பார்த்தால் தெரிந்துவிடும்.

பேஸ் பிளேட், அதாவது மரத்தின் மேல் உட்காரும் அடித்தட்டு, கனமாக இருக்க வேண்டும். கடையில் விரலால் அழுத்திப் பாருங்கள், மெல்லிய தகடை மடித்து அடித்தது போல இருந்தால் கீழே வைத்துவிடுங்கள். அது ஒருமுறை கீழே விழுந்து நெளிந்தால் பிறகு எந்த வெட்டும் செங்குத்தாக வராது.

பிளேடு மாட்டும் இடம் டி காம்புக்கானதாக இருக்க வேண்டும். பிளேடின் மேல்முனை ஆங்கில டி எழுத்து போல இரண்டு பக்கமும் சின்னக் காது வைத்திருக்கும். பழைய மாடல்களில் யு காம்பு, திருகு போட்டு இறுக்குவது. யு காம்பு பிளேடு நம் பக்கத்துக் கடைகளில் தேடித்தான் வாங்க வேண்டியிருக்கிறது. யாராவது பழைய மெஷினைச் சும்மா கொடுத்தால்கூட முதலில் இதைப் பாருங்கள்.

நம் ஊருக்கென்றே ஒரு எச்சரிக்கை உண்டு. வெளிநாட்டில் சொந்தக்காரர் இல்லாத வீடு இங்கே குறைவு. சிங்கப்பூர், மலேசியாவிலிருந்து கொண்டுவந்த மெஷின் என்றால் மின்சாரம் ஒத்துப்போகும், அங்கேயும் 230, 240 வோல்ட்தான், பிளக்கை மட்டும் மாற்றினால் போதும். அமெரிக்காவிலிருந்து வந்தது 120 வோல்ட். அதை நம் வீட்டு பிளக்கில் சொருகினால் மோட்டார் புகைந்துவிடும். வாரண்டியும் பெரும்பாலும் இங்கே செல்லாது. அன்பளிப்பு என்று வாங்கி அலமாரியில் வையுங்கள், வேலைக்கு வேண்டாம்.

பேட்டரி மெஷின் நல்லதுதான், ஒயர் இழுபடாது. ஆனால் ஆன்லைனில் விலை குறைவாகத் தெரிந்தால் அது பேட்டரியும் சார்ஜரும் இல்லாத வெறும் மெஷினாக இருக்கும், படத்துக்குக் கீழே சின்ன எழுத்தில் போட்டிருப்பார்கள். அந்த இரண்டையும் தனியாக வாங்கினால் மெஷின் விலையைத் தாண்டிவிடும். முதல் மெஷின் ஒயர் வைத்ததாகவே இருக்கட்டும்.

3. எங்கே வாங்குவது, என்ன காகிதம் கேட்பது

இங்கே ஹார்டுவேர் கடைகளில் ஜிக்சா ஒன்றிரண்டு மாடல்தான் இருக்கும். மதுரை, திருச்சி போனால் பத்து மாடலைக் கையில் எடுத்துப் பார்க்கலாம். விலை ஆன்லைனில் கொஞ்சம் குறைவாக இருக்கும். நான் ஆன்லைனில் வாங்கினேன், 3,800 ரூபாய், வந்துசேர ஐந்து நாள். இதைவிடக் குறைவாகவும் கிடைக்கிறது, 10,000 வரையிலும் போகிறது.

எங்கே வாங்கினாலும் ஜிஎஸ்டி பில் கேட்டு வாங்குங்கள். இந்த மெஷினுக்கு வரி 18 சதவிகிதம், அதனால் கடைக்காரர் "பில் வேண்டாம்னா குறைச்சுத் தர்றேன் அண்ணே" என்று சொல்லக்கூடும். ஆசைப்படாதீர்கள். பில்லில் மாடல் எண்ணும் மெஷினின் சீரியல் எண்ணும் இருக்க வேண்டும், வாரண்டி அட்டையில் கடை முத்திரையும் தேதியும் இருக்க வேண்டும். என் மெஷின் மூன்றாவது வாரமே டிரிக்கர் சிக்கி நின்றுவிட்டது. சர்வீஸ் சென்டரைத் தேடி மதுரைக்கு பஸ் ஏறினேன். அங்கே போனால் சீரியல் எண் இல்லாத பில் செல்லாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். விற்றவரிடம் மறுபடி எழுதி வாங்கி, அடுத்த வாரம் இன்னொரு தடவை போனேன். பழுது பத்து நிமிஷ வேலை. பஸ்ஸுக்கும் காத்திருப்புக்கும் போனது இரண்டு முழு நாள்.

ஆன்லைன் என்றால் பெட்டியைப் பிரிக்கும்போதே செல்போனில் வீடியோ எடுங்கள், பில்லை அன்றே இறக்கிச் சேமித்துவிடுங்கள். வாரண்டியைப் பதிவு செய்தால் காலம் நீளும் என்று சில அட்டைகளில் போட்டிருக்கும், அதற்கு இத்தனை நாளுக்குள் என்று கெடுவும் போட்டிருக்கும். அதையும் அன்றே செய்துவிடுங்கள். பிளேடு, கார்பன் பிரஷ் (மோட்டாருக்குள் மின்சாரம் கடத்தும் சின்னக் கரித்துண்டு) போன்ற தேயும் சாமான்கள் எந்த வாரண்டியிலும் வராது.

4. பிளேடு

இதைத்தான் நான் கடைசியாகக் கற்றுக்கொண்டேன், நீங்கள் முதலில் கற்றுக்கொள்ளுங்கள். மெஷினோடு ஒரே ஒரு பிளேடு வரும். அது எனக்கு இரண்டு நாளில் முறிந்தது. கடையில் போய் "ஜிக்சா பிளேடு" என்று கேட்டேன், ஒரு பாக்கெட்டை எடுத்துக் கொடுத்தார்கள், வாங்கி வந்துவிட்டேன். அறுத்தால் போகவே மாட்டேன் என்கிறது. அழுத்தினேன். புகை வந்தது. வெட்டுப்பட்ட ஓரம் தோசைக்கல்லில் தீய்ந்தது போலக் கன்னங்கரேலென்று ஆகி, வீடு முழுக்கக் கருகிய தேக்கு வாடை. மெஷின் மட்டம் என்று முடிவுகட்டித் திட்டிக்கொண்டிருந்தேன். எதிர்வீட்டு வேலைக்கு வந்திருந்த ஆசாரி ஒருவர் பிளேடைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார்: "தம்பி, இது இரும்பு அறுக்குறதுல்ல!"

பல் பொடிப்பொடியாக இருந்தால் அது உலோகத்துக்கு. மரத்தூள் அந்தப் பொடிப் பல்லுக்குள் அடைத்துக்கொள்ளும், வெளியேற வழியில்லாமல் சூடேறிக் கருகும். மரத்து பிளேடின் பல் பெரியது, பல்லுக்குப் பல் இடைவெளி இருக்கும். பாஷ் பிளேடுகளில் காம்பு சாம்பல் நிறமாக இருந்தால் மரத்துக்கு, நீலமாக இருந்தால் உலோகத்துக்கு. அந்த நிறுவனத்தின் எண்களையே வேறு பலரும் போடுவதால் கடையில் எண்ணைச் சொல்லிக் கேட்பது நல்லது. நாலு எண் போதும்:

டி 101 பி: ப்ளைவுட், பலகை, சுத்தமான நேர்வெட்டு. பாதி வேலை இதிலேயே முடியும்.

டி 101 ஏஓ: ஒடுக்கமான பிளேடு, வளைவுக்கு. 15 மில்லிமீட்டர் கனம் வரைதான்.

டி 144 டி: பெரிய பல், கனமான மரத்தை வேகமாக அறுக்க. ஓரம் சொரசொரப்பாக வரும், பிறகு இழைத்துக்கொள்ள வேண்டும்.

டி 101 பிஆர்: பல் கீழ்நோக்கி இருக்கும். மைக்கா ஒட்டிய பலகையில் சிங்குக்கு ஓட்டை வெட்ட இதுதான்.

இந்தக் கடைசி எண்ணுக்குக் காரணம் இருக்கிறது. சாதாரண பிளேடில் பல் மேல்நோக்கி இருக்கும், மேலே ஏறும்போதுதான் அறுக்கும். அதனால் பலகையின் மேல்பக்கம் சிலாம்பு சிலாம்பாகப் பேரும், அடிப்பக்கம் சுத்தமாக இருக்கும். நாம் நல்ல பக்கத்தை மேலே வைத்துக் கோடு போட்டு அழகாக அறுப்போம், அந்தப் பக்கம்தான் கெட்டுப்போகும். நல்ல பக்கத்தைக் கீழே கவிழ்த்துப் போட்டு, முதுகில் கோடு போட்டு அறுக்க வேண்டும். இதிலும் ஒரு குழி இருக்கிறது, இடம் வலம் மாறும் வடிவமாக இருந்தால் மாதிரி அட்டையையும் கவிழ்த்துத்தான் வரைய வேண்டும். நான் முதலில் வெட்டிய இரண்டு தாங்கிகளும் ஒரே கைக்கு வந்தன. கவிழ்க்க முடியாத இடத்தில் டி 101 பிஆர் போடுங்கள், அது மெஷினை மேலே தூக்கித் தள்ளும், அழுத்திப் பிடித்து, பெண்டுலத்தை 0-வில் வைத்து அறுக்க வேண்டும்.

ஐந்து பிளேடு கொண்ட பாக்கெட் எனக்கு 350 ரூபாயிலிருந்து 450 வரை ஆனது. மலிவு பாக்கெட் 120-க்குக் கிடைத்தது, இரண்டு வெட்டிலேயே வளைந்தது. மழுங்கிய பிளேடைத் தீட்டப் பார்க்காதீர்கள், தூக்கிப் போடுங்கள். மழுங்கிவிட்டதற்கு அடையாளம், கை தானாக அழுத்த ஆரம்பிப்பது.

5. மற்ற செலவு

பலகையை பெஞ்சோடு சேர்த்து இறுக்கிப் பிடிக்கும் சி கிளாம்ப் இரண்டு, 500 ரூபாய். இதை வாங்காமல் தொடங்கவே தொடங்காதீர்கள், பலகையைக் காலால் மிதித்துக்கொண்டு அறுப்பது விரலுக்கு ஆபத்து. கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி 120, தூசிக்கு என்95 மாஸ்க், காதில் அடைக்கப் பஞ்சு பிளக், மாஸ்கிங் டேப், மூலைமட்டம். எல்லாம் சேர்த்து, பிளேடு இரண்டு பாக்கெட்டும் மெஷினும் உட்பட எனக்கு 5,700 ரூபாய் ஆனது. 3,800-தான் கணக்கு என்று வீட்டில் சொல்லியிருந்தேன், அது தனிக் கதை.

6. இடமும் மின்சாரமும்

பெரும்பாலான ஜிக்சாவுக்கு இரண்டு கால் பிளக்தான் வரும், எர்த் இல்லையே என்று பயப்பட வேண்டாம். மெஷின் உடம்பில் சதுரத்துக்குள் சதுரம் போட்ட அடையாளம் இருந்தால் இரட்டை இன்சுலேஷன் உள்ளது என்று அர்த்தம். ஆனால் நம் பழைய வீடுகளின் சுவர் பிளக்குகள் தளர்ந்துபோயிருக்கும், மெஷின் அதிர அதிரப் பொறி பறக்கும். சுவர் பிளக்கை மாற்றிவிட்டு வேலையைத் தொடங்குங்கள். மாதாந்திரப் பராமரிப்புக்கு மின்சாரம் நிறுத்தும் நாளையும் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். அறுத்துக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால் முதலில் சுவிட்சை அணையுங்கள், பூட்டும் பொத்தான் அழுந்தி இருந்தால் மின்சாரம் வந்ததும் மெஷின் தானாக ஓட ஆரம்பித்துவிடும்.

ஆத்தங்குடிக் கல் பாவிய தரையில் வைத்து அறுக்காதீர்கள். மெஷின் விழுந்தால் கல் மூலை பெயரும், அந்தப் பூவேலைக்கு ஜோடிக் கல் தேடி அலைய வேண்டும். சாக்கு விரித்து மேலே பெஞ்சைப் போடுங்கள். வளவு முற்றம் நல்ல இடம், வெளிச்சமும் காற்றும் உண்டு, தூள் வீட்டுக்குள் போகாது. மதியம் இரண்டிலிருந்து நாலு வரை வேண்டாம், பக்கத்து வீட்டு ஆச்சி எனக்கு ஒருமுறை சொல்லிவிட்டார்.

கைலி, தோள் துண்டு, தொங்கும் கையுறை எதுவும் கூடாது. காற்சட்டை போட்டுக்கொள்ளுங்கள்.

7. முதல் ஞாயிறு: வெறும் துண்டுப் பலகை

எடுத்தவுடன் தேக்கில் கை வைக்காதீர்கள். ப்ளைவுட் கடையில் கழிவுத் துண்டு கேட்டால் கொடுப்பார்கள், 12 மில்லிமீட்டர் துண்டு நாலைந்து போதும்.

பிளக்கைப் பிடுங்கிவிட்டு பிளேடை மாட்டுங்கள். பிளேடின் முதுகு பின்னால் இருக்கும் சின்ன உருளையின் பள்ளத்தில் உட்கார வேண்டும், உட்காரவில்லை என்றால் பிளேடு முறியும். பிறகு மூலைமட்டத்தை வைத்து பேஸ் பிளேட்டுக்கும் பிளேடுக்கும் நடுவே பாருங்கள். புது மெஷினில் சரியாகத்தான் இருக்கும் என்று நம்பி நான் பார்க்கவில்லை, ஒரு டிகிரி சாய்ந்திருந்தது.

பலகைக்கு அடியில் பிளேடு எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்கும் என்று ஒருமுறை கண்ணால் பார்த்துவிடுங்கள். நான் முக்காலியின் மேல் பலகையை வைத்து, கோட்டை மட்டும் பார்த்துக்கொண்டு அறுத்தேன். நன்றாகத்தான் போகிறது என்று நினைத்தபோது தூளின் நிறம் மாறியது. வெளிர் மஞ்சளாக வந்துகொண்டிருந்தது கருஞ்சிவப்பாக வந்தது. நிறுத்திவிட்டுத் தூக்கிப் பார்த்தால் முக்காலியில் மூன்று விரற்கடை ஆழத்துக்கு வெட்டு. அப்பத்தா பார்த்துவிட்டு, "இது எங்க அப்பச்சி காலத்துச் சாமான்டா" என்றதோடு சரி, பிறகு ஒரு வாரம் பேசவில்லை.

அறுக்கும் முறை இதுதான். பேஸ் பிளேட்டின் முன்பகுதியைப் பலகையில் வைத்து அழுத்துங்கள், பிளேடு மரத்தைத் தொடக்கூடாது. மெஷினை ஓடவிட்டு, வேகம் பிடித்தபின் கோட்டுக்குள் போங்கள். அழுத்துவது கீழ்நோக்கித்தான், முன்னோக்கி அல்ல. "தள்ளாதீங்க தம்பி, அதுவா போகட்டும்" என்று அந்த ஆசாரி சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. முடிந்ததும் பொத்தானை விட்டு, பிளேடு முழுக்க நின்றபிறகே தூக்க வேண்டும். ஓடும்போது தூக்கினால் பிளேடின் முனை பலகை மேல் படபடவென்று குத்திப் பள்ளம் போடும், பிளேடும் வளையும். எனக்கு இரண்டாவது பிளேடு போனது இப்படித்தான்.

பத்து நேர்வெட்டு, கோட்டுக்கு வெளியே ஒரு மில்லிமீட்டர் விட்டு. பிறகு பெண்டுலத்தை 0, 2 என்று மாற்றி அதே பலகையில் அறுத்து இரண்டு ஓரத்தையும் விரலால் தடவிப் பாருங்கள். இரண்டு மணி நேரம் போதும்.

8. அடுத்த ஞாயிறு: வளைவும் உள்வெட்டும்

வளைவுக்கு பெண்டுலம் 0, ஒடுக்கமான பிளேடு. கோட்டின் மேல் மாஸ்கிங் டேப் ஒட்டி அதன்மேல் வரைந்தால் சிலாம்பு குறையும். மெஷினின் பின்பக்கத்தைத் திருப்புங்கள், பிளேடு நின்ற இடத்திலேயே திரும்புவது போல. மூக்கைப் பிடித்து ஒடித்தால் பிளேடு கீழே சாய்ந்து, மேலே ஒரு வடிவமும் அடியில் இன்னொரு வடிவமும் வரும். வளைவு இறுக்கமாக இருந்தால், வெளியே போகிற கழிவுப் பக்கத்திலிருந்து கோடு வரைக்கும் விரற்கடைக்கு ஒன்றாகச் சின்னச் சின்ன வெட்டு போட்டுக்கொள்ளுங்கள். பிறகு கோட்டில் வரும்போது துண்டு துண்டாக உதிர்ந்துகொண்டே வரும், பிளேடு திரும்ப இடம் கிடைக்கும்.

உள்வெட்டுக்கு டிரில்லில் 10 மில்லிமீட்டர் துளை போட்டு அதற்குள் பிளேடை இறக்குங்கள். மெஷினைச் சாய்த்து நேரடியாகக் குத்தி இறக்கும் வித்தையை வீடியோக்களில் காட்டுவார்கள், நமக்கு வேண்டாம்.

9. பழைய தேக்கு: காந்தம் இல்லாமல் தொடாதீர்கள்

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழைய சாமான் கடைகளில் பழைய கதவு, சட்டம், பலகை என்று பார்த்தால் ஆசை வரும், எனக்கும் வந்தது. பர்மாத் தேக்கு என்று சொல்லிக் கொடுத்தார்கள், இருக்கலாம். அந்த மரத்தில் அந்தக் காலத்து ஆணி தலை அறுந்து உள்ளேயே கிடக்கும், மேலே மெழுகோ பெயின்டோ மூடியிருக்கும். மூன்றாவது பிளேடு அங்கேதான் டப்பென்று முறிந்தது, முறிந்த துண்டு கண்ணாடியில் வந்து அடித்தது. அந்தக் கண்ணாடி 120 ரூபாய் என்று மேலே சொன்னேனே, அதுதான். ஒரு நூலில் காந்தத்தைக் கட்டித் தொங்கவிட்டு, அறுக்கப்போகும் கோடு முழுக்க மெதுவாக நகர்த்துங்கள், அது இழுத்துக்கொண்டு சாயும் இடத்தில் சாக்பீஸால் புள்ளி வையுங்கள். பித்தளைத் திருகு இருந்தால் காந்தம் காட்டாது, அதற்குக் கண்தான். தேக்குத் தூள் சிலருக்கு அரிப்பும் தும்மலும் கொண்டுவரும், மாஸ்க்கைக் கழற்றாதீர்கள்.

10. எடுத்து வைக்கும் முன்

பிளேடைக் கழற்றுங்கள், அறுத்து முடித்தவுடன் விரலால் தொடாதீர்கள், சுடும். காற்றுத் துவாரத்தில் இருக்கும் தூளைப் பெயின்ட் பிரஷால் தட்டிவிடுங்கள். பின்னால் இருக்கும் உருளைக்கு எப்போதாவது ஒரு சொட்டுத் தையல் மெஷின் எண்ணெய். மோட்டாரில் பொறி அதிகமாகத் தெரிந்தாலோ மெஷின் விட்டுவிட்டு ஓடினாலோ கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கும், ஜோடி 100 ரூபாய்க்குள் கிடைத்தது, இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். பில்லை மெஷின் பெட்டிக்குள் போட்டு வைக்காதீர்கள், அந்த மை ஆறே மாதத்தில் வெளுத்துவிடும். போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.